வாத்தியாருக்கு மருந்து வைப்பதில்லை

எங்கள் ஊரில் வாரத்துக்கு ஒருமுறை வரும் புத்த நாள் காலையில் எல்லாரும் கோயிலுக்குச் சோறு கொண்டுபோவார்கள். வன்னபா அக்கா மட்டும் ஆய்வுக்கூடத்துக்குப் போவாள். கோயிலுக்குப் போகிறவள் போலவே வெள்ளைச் சட்டையும் நீளப் பாவாடையும் உடுத்தியிருப்பாள். கையில் சோற்றுக் கூடை இருக்காது, ஒரு மெல்லிய கம்பி இருக்கும். கம்பியின் நுனியைத் தீயில் காட்டிச் சிவக்க வைப்பாள், ஆறவிடுவாள், பழைய தட்டிலிருந்து ஒரு பொட்டு எடுத்துப் புதுத் தட்டில் கோடு கோடாக இழுப்பாள். பிறகு மூடியைப் போட்டு, தட்டை இரண்டு கையாலும் நெற்றி வரைக்கும் உயர்த்தி, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் சூட்டுப் பெட்டிக்குள் வைப்பாள். பிக்குவின் பாத்திரத்தில் சோறு இடும்போது நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு முகம் வருமே, அந்த முகம்.

அவள் சோறு போட்டது ஒரு கிருமிக்கு. அவள் புருஷனைக் கொன்ற கிருமிக்கு.

கேட்டவுடன் பைத்தியம் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. நான் அடுத்த அறைக்காரி, ஜியாப். கல்லீரலில் குடியிருக்கிற புழுக்கள்தான் என் பிழைப்பு. பச்சை மீன் தின்னாதீர்கள், புழு வரும் என்று ஊர் ஊராகப் போய்த் தொண்டை கிழியக் கத்துகிறேன். என் சொந்த அண்ணன்கள் பச்சை மீனை எலுமிச்சையில் பிசைந்து என் கண்ணெதிரே தின்றுவிட்டு, "உனக்கு ஒரு வாய் வேணுமா?" என்று கேட்கிறார்கள். எனவே பைத்தியத்தைப் பற்றி வாய் திறக்க எனக்கு அவ்வளவாக யோக்கியதை இல்லை.

அக்காவின் புருஷன் சோம்யோத் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சிரிப்பார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் நொறுங்கியது. உலோகத்தில் புது முழங்கால் வைத்தார்கள். நடக்கத் தொடங்கினார், கூடவே காய்ச்சலும் தொடங்கியது. அந்த உலோகத்தின் மேல் ஸ்டெஃபைலோகாக்கஸ் குடியேறியிருந்தது. நாங்கள் சுருக்கமாக ஸ்டாஃப் என்போம். உங்கள் மூக்கிலும் என் மூக்கிலும்கூட இருக்கும். தனியாக இருந்தால் பயந்தாங்கொள்ளி. நாலு பேர் சேர்ந்துவிட்டால் தங்களைச் சுற்றி வழுவழுவென்று ஒரு படலம் கட்டிக்கொள்ளும், பல் விளக்காதவன் பல்லில் படிந்திருக்குமே, அது மாதிரி. அந்தப் படலத்துக்குள் உட்கார்ந்துகொண்டால் மருந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகும். போதாக்குறைக்கு இது வழக்கமான மருந்துகளுக்கெல்லாம் அசையாத ரகம். ஊசி மாற்றி ஊசி போட்டார்கள். கடைசியில் இரத்தத்தில் ஏறியது, அவரைக் கொண்டுபோனது.

வைத்தியன் பெண்டாட்டி சாகிறதில்லையா என்பார்கள். இங்கே செத்தது புருஷன், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கிருமியும் அது கட்டுகிற படலமும்தான் வன்னபா அக்காவின் ஆராய்ச்சியே. வாழ்நாள் முழுக்க அதைப் படித்தவளின் வீட்டுக்குள்ளேயே அது வந்து உட்கார்ந்தது.

சோம்யோத்துக்கு ஓர் ஆசை இருந்தது. எங்கள் மருத்துவக் கல்லூரிக்கு உடலைத் தானம் செய்தவர்களை யாரும் பிணம் என்று சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குப் பெரிய வாத்தியார் என்று பெயர். மாணவர்கள் கத்தியைத் தொடும் முன் கும்பிடுவார்கள். வருஷம் முடிந்ததும் பிக்குகள் ஓத, பூ வைத்து, மாணவர்களே தூக்கிப் போய் மரியாதையாகத் தகனம் செய்வார்கள்.

"உசுரோட இருக்கிறப்ப என் வகுப்புல ஒரு பய முழிச்சிருந்ததில்ல. செத்தப்புறமாவது ஒரு வருஷம் என்னை உத்துப் பாக்கட்டும்" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

கல்லூரி அவரை எடுக்கவில்லை. இரத்தத்தில் கிருமி ஏறிச் செத்தவர்களை எடுப்பதில்லை என்பது விதி. சரியான விதிதான், அறுக்கிற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும். அக்காவே அந்த விதியைப் படித்துக்கொடுப்பவள். அதனால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தலையாட்டிவிட்டு வந்தாள். சாதாரணமாகக் கோயிலில் எரித்தார்கள்.

ஆனால் அவர் இரத்தத்தில் வளர்ந்த கிருமி ஒரு தட்டில் இருந்தது. வழக்கப்படி அதை ஆட்டோகிளேவில் போட்டு வேகவைத்துக் குப்பையில் கொட்டியிருக்க வேண்டும். அக்கா அதை எடுத்துக்கொண்டாள். இரண்டு சின்னக் குப்பிகளில் உறைய வைத்தாள், மிச்சத்தைத் தட்டில் வளர்த்தாள். தட்டின் மூடியில் 'பெரிய வாத்தியார்' என்று எழுதினாள்.

"உடம்பைத்தான் வேணாம்னுட்டாங்க. இதையாவது வச்சுப் பிள்ளைங்க படிக்கட்டும், ஜியாப்" என்றாள். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கிருமியைப் பாதுகாக்க வேண்டுமென்றால் ஆழக் குளிரில் உறைய வைத்துவிட வேண்டும். தேவைப்படும்போது மேலாக ஒரு சுரண்டு சுரண்டி எடுத்துக்கொள்ளலாம். தட்டிலிருந்து தட்டுக்கு வளர்த்துக்கொண்டே போகக்கூடாது, போனால் அது மாறிவிடும். மருந்தை எதிர்க்கிற ஆயுதத்தைத் தூக்கித் திரிவது அதற்கும் பாரம்தான். மருந்தே வராத இடத்தில் எதற்குத் தூக்குவது என்று ஒருநாள் கீழே போட்டுவிடும். அப்படிப் போடாமல் இருக்க, அதன் உணவிலேயே துளி மருந்து கலந்து வைப்போம். இதையெல்லாம் இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே வன்னபா அக்காதான். ஆனால் புத்த நாளில் படைக்கிற சோற்றில் யாராவது விஷம் கலப்பார்களா?

முதலில் அந்தத் தட்டு கும்பிட மட்டும்தான். ஆராய்ச்சிக்கு உறைந்த குப்பியிலிருந்து எடுத்தாள். அது தீர்ந்தது. இரண்டாவது குப்பியைத் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அதுல அவர் அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கார். விடு, தூங்கட்டும்" என்பாள்.

"அப்ப தட்டுல இருக்கிறது யாராம்?"

"அதுவும் அவர்தான். சாப்பிட்டுக்கிட்டிருக்கார்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு முடிந்த பிறகு அறையில் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அப்படித்தான் ஆராய்ச்சிக்கும் தட்டிலிருந்தே எடுக்கிற பழக்கம் வந்தது. பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். "வாத்தியார் இன்னிக்குக் கொழுகொழுன்னு இருக்கார் டீச்சர்" என்று காலையில் வந்து சொல்வார்கள். அக்காவுக்கு முகம் மலரும். அன்றைக்கு அவளோடு பேசுகிற முதல் ஆள் அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும், சில நாள் கடைசி ஆளும்.

குழந்தை கிடையாது. தங்கை பாங்காக்கில் இருக்கிறாள், ஏப்ரலில் சோங்கிரான் புது வருஷத்துக்கு ஒரு போன் வரும். மத்தியானம் சூட்டுப் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒட்டரிசிச் சோற்றை உருட்டிக் காய்ந்த இறைச்சியோடு தின்பாள். "கேண்டீனுக்கு வாக்கா, உன் மூஞ்சிய பெட்டி பாத்துப் பாத்து அதுவே சலிச்சுப்போச்சு" என்று நான் கூப்பிடாத நாள் இல்லை. "நீ போ, எனக்குப் பேச்சுத்துணை இருக்கு" என்பாள்.

இப்படி ஒன்பது வருஷம் போனது.

அந்த வருஷம் செப்டம்பரோடு அவளுக்கு ஓய்வு. அதற்குள் மங்குஸ்தான் வேலை முடிய வேண்டும். மங்குஸ்தான் பழத்தை நாங்கள் தின்போம், தோலை அவள் பொறுக்கிக்கொள்வாள். தோலின் சாறு அந்தப் படலத்தைக் கரைக்கும், கரைந்த இடத்தில் பழைய மருந்து நுழைந்துவிடும் என்பது அவள் எண்ணம். சோதனை எளிதுதான். நிறையக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டம். குழிகளில் கிருமியை வளர்த்து, பிறகு கழுவி, ஊதாச் சாயம் ஊற்றி, மறுபடி கழுவ வேண்டும். படலம் பிடித்திருந்தால் ஊதா நிற்கும். படலம் போயிருந்தால் குழி கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும்.

மழை தொடங்கிய வாரத்தில் ஒருநாள் காலை தட்டம் தெளிந்தது. சாறும் மருந்தும் சேர்த்து வைத்த வரிசை முழுவதும் ஒரு பொட்டு ஊதா இல்லை.

வன்னபா அக்கா அந்தத் தட்டத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு என் அறைக்கு ஓடிவந்தாள். அறுபது வயதுக்காரி ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சோம்யோத் சொல்லிக்கொடுத்துட்டார், ஜியாப்! அவரை வச்சே வழி கண்டுபிடிச்சாச்சு. பெரிய வாத்தியார் ஆயிட்டார்!"

கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு அப்படி அழுகை வரும் என்று நானே நினைக்கவில்லை. துறைத் தலைவர் சுட்ட கோழியும் பப்பாளிக்காய்ச் சாலட்டும் வரவழைத்தார். பாங்காக்கில் நடக்கப்போகும் ஆராய்ச்சிக் கூட்டத்தில் அக்காதான் பேச வேண்டும் என்றார். எல்லாரும் கோழியின் மேல் பாய்ந்தோம். அக்காவிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பிம்சாய் மட்டும் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுப் பெண், வாய் திறப்பதே அபூர்வம். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் என் அறைக்கு வந்தாள்.

"டீச்சர், ஒருத்தர் செய்றது தப்புன்னு தெரிஞ்சு, ஆனா அவங்க நமக்குப் பெரியவங்கன்னா, என்ன பண்ணணும்?"

"யாரு?"

"சும்மா பொதுவா கேக்குறேன்."

"பொதுவா கேக்குறவ எவளும் என் புழு ஜாடிக்கு நடுவுல நின்னு கண்ணைத் துடைக்க மாட்டா. உக்காரு. சொல்லு."

உட்கார்ந்து சொன்னாள். அக்காவின் சோதனையில் ஒரு வரிசை எப்போதும் காலி. சாறு இல்லாமல் மருந்தை மட்டும் வைக்க வேண்டிய வரிசை அது. "வாத்தியாருக்கு மருந்து மட்டும் வைப்பதில்லை. அவர் அதையெல்லாம் ஆஸ்பத்திரியிலயே பாத்தாச்சு" என்பது அக்காவின் கட்டளை. மருந்து மட்டும் வைத்தால் ஒன்றும் ஆகாது என்று ஆரம்பத்திலேயே பார்த்தாகிவிட்டது, அந்தப் பழைய விடையையே ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொள்ள வேண்டியது. மெத்தப் படித்தவள், இந்த ஒரு வரிசையில் மட்டும் பெண்டாட்டியாகிவிடுவாள். பிம்சாய் தன் தேர்வுக்காக, யாருக்கும் சொல்லாமல், அந்தக் காலி வரிசையில் மருந்தை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"தெளிஞ்சிடுச்சு டீச்சர். சாறே வேணாம். வெறும் மருந்துக்கே செத்துப்போகுது. மூணு தடவை பாத்துட்டேன்."

அப்படியென்றால் மங்குஸ்தான் ஒன்றும் செய்யவில்லை. தட்டில் இருப்பது எப்போதோ ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்ட ஏதோ ஒரு சாதுக் கிருமி.

"எப்பலேருந்து உனக்குத் தெரியும்?"

"சோங்கிரானுக்கு முன்னாடியிலேருந்து."

"அடிப் பாவி! ஏப்ரல்லேருந்து வாயை மூடிக்கிட்டா இருக்கே? அவங்க பாங்காக்ல போய் எல்லார் முன்னாடியும் பேசி அவமானப்பட்டுட்டு வரட்டும்னா?"

"எப்படிச் சொல்றது டீச்சர்?" பிம்சாய் முதல் தடவையாக என் கண்ணை நேராகப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர் அங்க இல்லைன்னு சொல்லணுமா?"

எங்கள் ஆட்கள் இப்படித்தான். பானை தீய்ந்துகொண்டிருந்தாலும் சமைக்கிறவள் வயதில் மூத்தவள் என்றால், மூக்கைப் பொத்திக்கொண்டு வாசனை நன்றாக இருக்கிறது என்போம். பெரியவர்கள் மனம் கோணக்கூடாது, அவர்களைச் சங்கடப்படுத்தக்கூடாது. இதற்கு ஒரு பெயர் வைத்து, அதைப் பண்பு என்றும் சொல்லிக்கொள்கிறோம். சமயத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அன்றைக்கு நானே இரண்டு நாள் தள்ளிப்போட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு பேரும் போனோம். அக்கா சூட்டுப் பெட்டிக்கு எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் மழையைப் பற்றிப் பேசினேன். பிறகு மங்குஸ்தான் விலையைப் பற்றி. பிறகு அவள் பாங்காக்குக்கு உடுத்திப்போகப் போகிற பட்டுப் பாவாடையைப் பற்றி.

அக்கா உருட்டிய சோற்றைக் கீழே வைத்தாள். "ஜியாப், நீ இவ்வளவு மரியாதையா பேசினா எங்கயோ சாவு விழுந்திருக்கணும். யாரு?"

பிம்சாய் தரையில் மண்டியிட்டு, தட்டத்தை அக்காவின் மடியருகே வைத்தாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊதாக் குழிகளைப் படிப்பது அக்காவுக்குச் செய்தித்தாள் படிக்கிற மாதிரி.

"இந்த வரிசை மருந்து மட்டுமா?"

"ஆமா டீச்சர்."

"யாரைக் கேட்டு வச்சே?"

பிம்சாய் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"உன் கை சுத்தமில்ல. வேற எதையோ கலந்துட்டே. உன் மூக்குல இருக்கிறது விழுந்திருக்கும்."

"இருக்கலாம் டீச்சர்" என்றாள் பிம்சாய்.

எனக்கு வந்ததே கோபம்! "என்னடி இருக்கலாம்? மூணு தடவையும் உன் மூக்கு விழுந்துச்சா? அக்கா, அவ கை சுத்தம். நீதான் பழக்கினே அவளை. உனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் மருந்தே இல்லாம தட்டுல வளத்தா என்ன ஆகும்னு இந்தக் கட்டடத்துல உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

வன்னபா அக்கா என்னைப் பார்த்தாள். என்னைப் புதிதாக அறிமுகப்படுத்தி வைத்த மாதிரி ஒரு பார்வை. பிறகு மெதுவாகச் சொன்னாள், "ரெண்டு பேரும் வெளிய போங்க."

போனோம். கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் அவள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. இடையில் ஒரு புத்த நாள் வந்து போனது. பிள்ளைகள் என்னிடம் வந்து, "வாத்தியாருக்கு யாரு சோறு போடுறது?" என்று கேட்டார்கள். "அவர் இன்னிக்கு விரதம்" என்று விரட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டுக்கு நான் போனது கைவிரல் மடக்கி எண்ணிவிடலாம், அது என் தப்பு. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் மனிதக் குரல் கேட்கட்டும் என்று போட்டுவைத்திருக்கிறாள். நான் கொண்டுபோன மூங்கில் குருத்துக் குழம்பை வாங்கி மேசையில் வைத்தாள், திறக்கவில்லை.

"குப்பியைத் திறந்து பாத்தா தெரிஞ்சிடும்" என்றாள், நான் ஏதோ கேட்டது போல.

"திறந்து பாரு."

"அதுல ஒண்ணும் வளரலைன்னா, அவர்னு சொல்லிக்க எங்கயும் ஒண்ணுமில்ல. பழைய மாதிரியே வளந்துச்சுன்னா, தட்டுல இருக்கிறது அவர் இல்ல. இத்தனை நாளும் நான் யாரோ ஒருத்தருக்கு வணக்கம் போட்டுக்கிட்டிருந்திருக்கேன்."

"மூணாவதா ஒண்ணு இருக்கே. ரெண்டும் ஒண்ணுபோல இருந்து, பிம்சாய் தப்பா இருந்தா?"

"அதுக்காகத்தான் வேண்டிக்கிட்டிருக்கேன்."

"அக்கா, நீ விஞ்ஞானி."

"ஆமா. ஆய்வுக்கூடத்துல" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "ஜியாப், அவர் சிரிப்பு எனக்கு மறந்துபோச்சு. சத்தமா சிரிப்பார்னு ஞாபகம் இருக்கு, சத்தம் ஞாபகம் இல்ல. இந்தத் தட்டு ஒண்ணுதான் உசுரோட இருக்குன்னு இருந்தேன். கதவைத் திறந்தா ஒரு வாசனை வருமே, லேசா வேர்வை மாதிரி? காலையில அந்த வாசனைக்குத்தான் வேகமா நடந்து வருவேன். அது அவர் இல்லைன்னு நீங்க ரெண்டு பேரும் வந்து சொல்றீங்க."

அவளைத் தொட வேண்டும் என்று இருந்தது. நாங்கள் தொட்டுக்கொள்கிற ஆட்கள் இல்லை. கோழி வந்த அன்று கட்டிப்பிடித்ததே பெரிது. குழம்பு ஆறுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

திங்கட்கிழமை காலை அவள் வந்துவிட்டாள். பிம்சாயைக் கூப்பிட்டு, அவள் கண் முன்னாலேயே ஆழக்குளிர்ப் பெட்டியைத் திறந்தாள். புகை மாதிரி குளிர் வெளியே வழிந்தது. குப்பியின் மூடியைத் திருகித் திறந்து, உறைந்ததன் மேல் கம்பியால் ஒரே ஒரு சுரண்டு. புதுத் தட்டில் இழுத்தாள். பக்கத்தில் இன்னொரு தட்டு, அதில் ஒன்பது வருஷம் சோறு தின்றவர். இரண்டும் ஒரே பெட்டிக்குள் போயின. மறுநாள் வளர்ந்ததை எடுத்து, ஊதாச் சோதனையும் வைத்தாள், மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளையும் தட்டுகளின் மேல் வைத்தாள். இந்தத் தடவை ஒரு வரிசையையும் காலியாக விடவில்லை. தொழில் தெரிந்தவளின் கை, நான் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு மறுநாள் காலை மூவரும் பெட்டியின் முன் நின்றோம். அக்கா தட்டுகளை எடுத்து வெள்ளைக் காகிதத்தின் மேல் பக்கம் பக்கமாக வைத்தாள்.

குப்பியிலிருந்து வந்தது முட்டையின் மஞ்சள் கரு நிறத்தில், மினுமினுவென்று, தட்டு முழுக்கப் படர்ந்திருந்தது. வில்லைகளின் ஓரம் வரைக்கும் ஏறி, சிலவற்றின் விளிம்பில் ஒட்டிக்கொண்டே வளர்ந்திருந்தது. மருந்து என்று ஒன்று அங்கே இருப்பதாகவே அது கண்டுகொள்ளவில்லை. சோதனைத் தட்டத்தில் அதன் வரிசைகள் எல்லாம் அடர்ந்த ஊதா. மருந்து வைத்த இடமும் ஊதா, மங்குஸ்தான் சாறு வைத்த இடமும் ஊதா, இரண்டும் சேர்த்து வைத்த இடமும் ஊதா.

தட்டில் வளர்ந்தவர் வெளிறிப்போயிருந்தார். ஒவ்வொரு வில்லையைச் சுற்றிலும் அகலமாக, வட்டமாக, மருந்து பட்டுக் கிருமி செத்து ஒன்றுமே இல்லாத வெற்றிடம்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. வன்னபா அக்கா மஞ்சள் தட்டையே பார்த்தாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அதை மறுபடி நேருக்கு நேர் பார்க்கிறாள். அவள் முகத்தில் கும்பிடுகிறவளின் முகம் இல்லை. பகை இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

"நீ சொன்னது சரி, பிம்சாய்" என்றாள். "ஏப்ரல்லயே சொல்லியிருக்கணும்."

"மன்னிச்சிருங்க டீச்சர்."

"சொல்ற மாதிரி நான் இருந்திருக்கணும். அதுவும்தான்." மஞ்சள் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "இனிமே இதை நீ வச்சுக்க. இதுலேருந்து ஆரம்பி. உணவுல மருந்து போட்டு வை, ஒருநாளும் மறக்காதே. மரியாதை எல்லாம் குடுக்காதே இதுக்கு. பாங்காக்குக்கு நான் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடுறேன்."

பிம்சாய் கும்பிட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவள் அழுதுகொண்டே நடந்ததால் கதவில் இடித்துக்கொண்டாள்.

மேசையில் அந்த வெளிறிய தட்டு மட்டும் இருந்தது. அதை ஆட்டோகிளேவில் போட வேண்டும், நான் போடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா அதன் மேல் குனிந்து, ஒரு வில்லையைச் சுற்றியிருந்த வெற்று வட்டத்தை விரலால் காட்டினாள். மூடியின் மேலாகத்தான், தொடவில்லை.

"இது என்ன மருந்துன்னு தெரியுதா?"

தெரிந்தது. தெருமுனை மருந்துக்கடையில் குழந்தைக்குக்கூடக் கொடுக்கிற மருந்து. மலிவு.

"இது அவர் கால்ல இருந்திருந்தா, இந்த மாத்திரையைப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பார், ஜியாப்."

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன், அவள் உட்காரவில்லை.

"அவரைக் கொன்னதை எடுத்து, ஒன்பது வருஷம் சோறு போட்டு, ஒருத்தரையும் கொல்லாத மாதிரி வளத்திருக்கேன். எப்படி வளத்திருக்கேன் பாரு." அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இப்ப இதைக் கொண்டுபோய் யார்கிட்டக் காட்டுறது?"

நான் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அது போதாது என்று எனக்குத் தெரியும்.